வால்வு எவ்வளவு திறக்க வேண்டும்? விடெக், விவிடி-ஐ, வால்வ்மாட்டிக் பெயர்களுக்கு உள்ளே இருப்பது

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திரும்பத் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கார் தேடுகிறவர்களுக்குப் பழைய தலையிடி ஒன்றும் திரும்பி வந்திருக்கிறது. விளம்பரத்தில் எஞ்சினோடு சேர்த்து விவிடி-ஐ, ஐ-விடெக், மைவெக், வால்வ்மாட்டிக் என்று எழுதியிருக்கும். எஞ்சினின் வால்வு திறக்கும் விதத்தை ஓடும்போதே மாற்றும் ஏற்பாடுகளுக்குக் கம்பனிகள் வைத்த பெயர்கள் இவை. ஒருவர் "இது விடெக், பெற்றோல் குடிக்காது" என்பார். அடுத்தவர் "விடெக் என்றால் இழுவை இருக்கும், ஆனால் பெற்றோல் குடிக்கும்" என்பார். மூன்றாமவர் "எல்லாம் ஒன்றுதான், கம்பனிக்குக் கம்பனி பெயர்தான் வேறு" என்று முடித்துவிடுவார்.

மூன்றாமவர் சொல்வது பிழை. முதல் இருவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தாலும் இரண்டுமே சரியாக இருக்கலாம். காரணம், ஒரே பெயரை ஒட்டி இரண்டு எதிரெதிர் நோக்கங்களுக்கு எஞ்சின் செய்திருக்கிறார்கள். அது விளங்க வேண்டுமானால் வால்வில் இருந்து தொடங்க வேண்டும்.

வால்வின் வேலையும் அதன் அவசரமும்

பெற்றோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் வால்வுகள் இருக்கின்றன. இன்றைய கார்களில் பெரும்பாலும் சிலிண்டருக்கு நான்கு. இரண்டு காற்றை உள்ளே விட, இரண்டு புகையை வெளியே விட. இவற்றைத் திறப்பது கேம் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு. தண்டில் வால்வுக்கு நேராக முட்டை வடிவில் ஒரு மேடு இருக்கும். மேடு சுற்றி வந்து அமுக்கினால் வால்வு கீழிறங்கித் திறக்கும். மேடு விலகியதும் ஸ்பிரிங் அதை மேலே தள்ளி மூடிவிடும். பிஸ்டன்கள் சுழற்றும் பிரதான தண்டான கிராங் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும் நேரத்தில் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1,500 சீசீ நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 375 சீசீ. ஐட்லிங்கில், அதாவது அக்சிலேட்டரை மிதிக்காமல், நிமிடத்துக்கு 750 சுற்று ஓடும்போது, பிஸ்டன் மேலிருந்து கீழே வந்து காற்றை இழுக்க 40 மில்லிசெக்கன் கிடைக்கிறது. 6,000 சுற்றில் அதே வேலைக்குக் கிடைப்பது 5 மில்லிசெக்கன். அந்த வேகத்தில் ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 50 தடவை திறந்து மூடுகிறது.

கேமின் மேடு இரும்பில் வெட்டிய வடிவம், ஓடும்போது அதை மாற்ற முடியாது. 40 மில்லிசெக்கன் வேலைக்கும் 5 மில்லிசெக்கன் வேலைக்கும் அந்த ஒரே வடிவம்தான். நூறு வருடத்துக்கு மேலாக எஞ்சின் வடிவமைப்பாளர்களைச் சிரமப்படுத்தியது இந்த ஒரு விஷயம்தான்.

மூன்று அளவுகள்

வால்வு திறப்பதை மூன்று அளவுகளால் சொல்லலாம்.

1. நேரம், அதாவது டைமிங். பிஸ்டன் எங்கே நிற்கும்போது வால்வு திறக்கத் தொடங்குகிறது, எங்கே மூடுகிறது என்பது.

2. காலம், அதாவது டியூரேஷன். கிராங் ஷாஃப்ட் எத்தனை பாகை சுற்றும்வரை வால்வு திறந்திருக்கிறது என்பது.

3. உயரம், அதாவது லிஃப்ட். வால்வு தன் இருக்கையை விட்டு எத்தனை மில்லிமீற்றர் கீழிறங்குகிறது என்பது. கார் எஞ்சின்களில் இது பெரும்பாலும் 8 முதல் 11 மில்லிமீற்றர்.

மாரி மழையில் உன்னிச்சைக் குளத்து வான்கதவைத் திறந்ததாகச் செய்தி வந்தால், எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எத்தனை அடி உயர்த்தினார்கள், எவ்வளவு நேரம் விட்டிருந்தார்கள் என்று மூன்றையும் கேட்டால்தான் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்லலாம். எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கும் கணக்கு அதுதான்.

லிஃப்ட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்று போகும் வழி, வால்வின் சுற்றளவை லிஃப்ட்டால் பெருக்கினால் வரும் பரப்பு. 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள வால்வு 2 மில்லிமீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 190 சதுர மில்லிமீற்றர் வழி கிடைக்கும். 7.5 மில்லிமீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 700 கிடைக்கும். விட்டத்தின் காற்பங்கு உயரம் வந்ததும் இந்த வழி, வால்வுக்குப் பின்னால் உள்ள குழாயின் வாய்க்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் இறக்கினால் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் எந்தக் கம்பனியும் 20 மில்லிமீற்றர் லிஃப்ட் என்று போட்டிக்கு இறங்குவதில்லை.

ஒரே வடிவம் ஏன் போதாது

வேகமாக ஓடும்போது காற்றின் எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓடத் தொடங்கிய காற்று உடனே நிற்காது. பிஸ்டன் அடிவரை வந்து திரும்ப மேலேறத் தொடங்கிய பிறகும் உள்ளே வந்துகொண்டிருக்கும். ஆகவே வால்வைப் பிந்தி மூடினால் இன்னும் கொஞ்சம் காற்று நிரம்பும். வழியும் அகலமாக இருக்க வேண்டும். நிறைய லிஃப்ட், நீண்ட காலம். பந்தயக் கார்களின் கேம் இப்படித்தான் வெட்டப்பட்டிருக்கும்.

அதே கேமை ஐட்லிங்கில் ஓட்டிப் பாருங்கள். காற்றுக்கு அந்த வேகம் இல்லாததால், பிந்தி மூடும் வால்வு வழியாக உள்ளே வந்த கலவையையே பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளும். உள்வரும் வால்வும் வெளியேறும் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் இடைவெளியில் புகை உள்ளே திரும்பும். எஞ்சின் நடுங்கும். அகலமான வழியில் மெதுவாக வரும் காற்றில் பெற்றோலும் சரியாகக் கலக்காது. குறைந்த சுற்றில் வழி ஒடுக்கமாக இருந்தால்தான் காற்று விசையோடு பாய்ந்து, சிலிண்டருக்குள் சுழன்று, நன்றாகக் கலக்கும்.

ஆக, சந்தைக்குச் செய்த காரில் நடுத்தரமான ஒரு வடிவத்தை வெட்டி, இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் 1980கள் வரை வழக்கம்.

முதலில் மாறியது நேரம்

மூன்று அளவுகளில் இலகுவாக மாற்றக்கூடியது நேரம். கேம் ஷாஃப்ட்டின் நுனியில் உள்ள சக்கரத்துக்கும் தண்டுக்கும் இடையே ஒயில் அழுத்தத்தில் திரும்பும் ஒரு சிறு அமைப்பை வைத்தால், தண்டை முன்னே பின்னே சில பாகை திருப்பலாம். அல்ஃபா ரோமியோ 1980இல் தன் ஸ்பைடர் காரில் இதன் ஆரம்ப வடிவம் ஒன்றைப் போட்டது. நிசான் 1980களின் பின்பாதியில் தொடர்ந்தது. டொயோட்டாவின் விவிடி-ஐ 1990களின் நடுப்பகுதியில் வந்து, பிறகு ஏறக்குறைய அதன் எல்லாப் பெற்றோல் எஞ்சின்களுக்கும் பரவியது.

நம் வீதிகளில் ஓடும் விட்ஸ், அக்சியோ, அக்குவா, வேகன்-ஆர் எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். மேட்டின் வடிவம் மாறுவதில்லை. லிஃப்ட் மாறுவதில்லை. கதவைத் திறக்கும் மணிதான் மாறுகிறது. இதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. இன்றைய பெற்றோல் எஞ்சினின் சிக்கனத்தில் பெரிய பங்கு இதற்கு உண்டு. ஆனாலும் விவிடி-ஐயும் விடெக்கும் ஒன்றல்ல.

1989: மூன்று மேடு, ஒரு பின்

ஹொண்டா லிஃப்ட்டைத் தொட்டது முதலில் மோட்டார் சைக்கிளில். 1983இல் வந்த சிபிஆர்400எஃப் பைக்கில் குறைந்த சுற்றில் சிலிண்டருக்கு இரண்டு வால்வு மட்டும் வேலை செய்யும், சுற்று ஏறினால் நான்கும் சேரும். காருக்கு இதைக் கொண்டுவந்தவர் ஹொண்டாவின் எஞ்சினியர் காஜிதானி இகுவோ. 1.6 லீற்றரில் 140 குதிரைவலு எடுக்கலாம் என்று அவர் திட்டமிட்டிருந்தபோது, ஆய்வுப் பிரிவுத் தலைவராக இருந்த கவமோட்டோ நொபுஹிகோ "லீற்றருக்கு 100 என்று வைத்தால் என்ன?" என்று கேட்டதாக ஹொண்டாவின் வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. 1989இல் இன்டெக்ரா காரில் விடெக் என்ற பெயரோடு வந்த பி16ஏ எஞ்சின் 7,600 சுற்றில் 160 குதிரைவலு கொடுத்தது. டர்போ இல்லாமல்.

ஏன் 1.6 லீற்றரிலேயே இவ்வளவு பிடிவாதம்? பெரிய எஞ்சின் போட்டால் வேலை முடிந்ததே! ஜப்பானில் வருடாந்த வாகன வரி எஞ்சின் கொள்ளளவுப்படி படிப்படியாக ஏறும். கொள்ளளவைக் கூட்டாமல் வலுவைக் கூட்டுவதற்கு அங்கே காசுக் காரணம் இருந்தது. இலங்கையிலும் பெற்றோல் காருக்கான உற்பத்தி வரி சீசீக் கணக்கில்தான். ஜப்பான் வரிக்காகச் செய்த சின்ன எஞ்சின் இங்கே இவ்வளவு பிடித்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

விடெக் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த பலதும் இதன் சாயல்தான்.

1. ஒரு சிலிண்டரின் இரண்டு உள்வரும் வால்வுகளுக்கு மூன்று மேடுகள். ஓரத்தில் உள்ள இரண்டும் தாழ்ந்தவை, நடுவில் உள்ளது உயர்ந்தது, அகலமானது.

2. ஒவ்வொரு மேட்டுக்கும் கீழே ஒரு ரொக்கர் ஆம், அதாவது மேட்டின் அடியை வாங்கும் ஒரு சிறு நெம்பு. ஓரத்து ஆம்கள் வால்வுகளை அமுக்கும். நடு ஆம் எந்த வால்வையும் தொடாது. உயர்ந்த மேடு அதை அடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் அது ஸ்பிரிங்கின் மேல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

3. மூன்று ஆம்களிலும் ஒரே நேர்கோட்டில் துளைகள். துளைக்குள் சிறு உருக்குப் பின்கள்.

4. சுற்று ஏறத்தாழ 5,000ஐத் தாண்டியதும் கணினி ஒரு சொலினொய்டை, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சிறு அடைப்பானைத் திறக்கும். ஒயில் அழுத்தம் பின்களைப் பக்கவாட்டில் தள்ளும். மூன்று ஆமும் ஒரே துண்டாகப் பூட்டப்படும். இப்போது உயர்ந்த மேடு சொல்வதுதான் சட்டம், இரண்டு வால்வும் கூடுதல் உயரம், கூடுதல் காலம் திறக்கும்.

வால்வு மூடியிருந்து மூன்று துளைகளும் ஒரே கோட்டில் நிற்கும் கணத்தில்தான் பின் நுழைய முடியும். 5,400 சுற்றில் கேம் ஒரு முழுச் சுற்றுக்கு எடுக்கும் நேரமே 22 மில்லிசெக்கன். அதில் ஒரு பகுதிக்குள் பூட்டு விழ வேண்டும். பி16ஏயில் வெளியேறும் வால்வுகளுக்கும் இதே ஏற்பாடு. பூட்டு விழும்போது எஞ்சினின் சத்தம் சட்டென்று மாறும். இளைஞர்கள் "விடெக் அடிக்குது" என்று சொல்வது அந்த இடத்தைத்தான்.

அதே பூட்டு, எதிர்ப் பக்கம்

இரண்டே வருடத்தில், 1991இல், அதே ஹொண்டா அதே பின்னை நேரெதிர் வேலைக்குப் பாவித்தது. அந்த வகைக்கு விடெக்-இ என்று பெயர். இதில் குறைந்த சுற்றில் இரண்டு உள்வரும் வால்வுகளில் ஒன்று ஏறக்குறைய மூடியே இருக்கும். முழுதாக மூடினால் வால்வின் முதுகில் பெற்றோல் தேங்கிவிடும் என்பதால் மயிரிழை அளவு மட்டும் திறக்கும். எல்லாக் காற்றும் மற்ற வால்வு வழியாக விசையோடு பாய்ந்து சுழலும். கலவையில் பெற்றோலின் பங்கைக் குறைத்தும் எரிக்கலாம். சுற்று ஏறினால் பூட்டு விழுந்து இரண்டும் ஒழுங்காகத் திறக்கும். இங்கே குறி சிக்கனம், வலு அல்ல. தொடக்கத்தில் சொன்ன இரண்டு பேரும் ஏன் சரியாக இருக்கலாம் என்பது இப்போது விளங்கும்.

2001 அளவில் லிஃப்ட் மாற்றத்தோடு நேர மாற்றத்தையும் சேர்த்து ஐ-விடெக் வந்தது. ஆனால் அந்தப் பெயருக்குள்ளும் வகைகள் பல. 2005க்குப் பிறகு வந்த 1.8 லீற்றர் சிவிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மாற்றுக் கேம் வேலைக்கு வருவது, நிதானமாக ஒரே வேகத்தில் ஓடும்போது. ஒரு வால்வை வேண்டுமென்றே பிந்தி மூடி, இழுத்த காற்றில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். வீணான வேலை போலத் தோன்றும். ஆனால் அதனால் காற்றுக் குழாயில் உள்ள த்ரொட்டில் தகட்டை நன்றாகத் திறந்து வைக்கலாம், அதில் என்ன லாபம் என்பது கீழே வருகிறது. பழைய "அடிக்குது" கதையை நம்பி இந்தக் காரை வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள். காரில் பிழை இல்லை, எதிர்பார்ப்பில்தான் பிழை.

பழைய ஹைபிரிட்களில் இதே பூட்டு இன்னொரு எல்லைக்குப் போனது. 2005இன் சிவிக் ஹைபிரிட், 2009இன் இன்சைட், 2010இன் ஃபிட் ஹைபிரிட் ஆகியவற்றின் 1.3 லீற்றர் எஞ்சினில் வேகம் குறையும்போது நான்கு சிலிண்டர்களின் வால்வுகளையும் மூடியபடியே வைக்கலாம். லிஃப்ட் பூச்சியம். பெற்றோலும் நிற்கும். உள்ளே அடைபட்ட காற்றைப் பிஸ்டன் அமுக்கும், அமுங்கிய காற்று திரும்பப் பிஸ்டனைத் தள்ளும், இழப்பு மிகக் குறைவு. அப்படி மிச்சமாகும் விசையை மோட்டார் மின்சாரமாக்கி பற்றரிக்கு அனுப்பும். பிரேக் பிடிக்கும்போது பற்றரி ஏறுவதற்குப் பின்னால் வால்வுக்கும் ஒரு பங்கு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மற்றக் கம்பனிகள், சுருக்கமாக

மிட்சுபிஷி 1992இல் மைவெக்கோடு வந்தது. 1.6 லீற்றரில் 175 குதிரைவலு. பின்னாளில் அதே பெயரை நேர மாற்றம் மட்டும் உள்ள எஞ்சின்களுக்கும் வைத்தது, ஆகவே மைவெக் என்ற எழுத்தைப் பார்த்து மட்டும் எதையும் சொல்ல முடியாது. நிசான் 1997இல் இரு நிலை லிஃப்ட் கொண்ட எஞ்சின்களை விட்டது. டொயோட்டா 1999 செலிக்காவில் விவிடிஎல்-ஐ போட்டது, அந்த நடுவில் உள்ள 'எல்' லிஃப்ட்டுக்கு. போர்ஷே கேமுக்கும் வால்வுக்கும் நடுவில், பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்தாற்போன்ற தப்பெட்டுகளால் செய்தது. அவுடியில் மேடுகள் உள்ள துண்டே கேம் தண்டின் மேல் பக்கவாட்டில் வழுக்கி இடம் மாறும்.

இந்தப் பட்டியலில் நம் பக்கத்து இளைஞர்களுக்கு மிகக் கிட்டியது யமஹாவின் விவிஏ. ஆர்15, எம்டி-15 மோட்டார் சைக்கிள்களின் 155 சீசீ எஞ்சினில் ஏறத்தாழ 7,400 சுற்றில் உள்வரும் வால்வு பெரிய மேட்டுக்கு மாறும். பின்னைத் தள்ளுவது இதில் ஒயில் இல்லை, மின்சார சொலினொய்ட் நேராகவே தள்ளும்.

படி இல்லாத லிஃப்ட்

இதுவரை பார்த்தவை எல்லாம் இரண்டு படி, மூன்று படி. பீஎம்டபிள்யூ 2001இல் படியையே எடுத்துவிட்டது. வால்வ்ட்ரோனிக் என்ற இந்த ஏற்பாட்டில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் கூடுதலாக ஒரு நெம்பு இருக்கும். மின்மோட்டார் ஒன்று அந்த நெம்பின் சாய்வை மாற்ற, லிஃப்ட் ஏறத்தாழ கால் மில்லிமீற்றரில் இருந்து 9.7 மில்லிமீற்றர் வரை இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கும்.

இதன் பெறுமதி விளங்க த்ரொட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரணப் பெற்றோல் காரில் அக்சிலேட்டரை மிதித்தால் திறப்பது காற்றுக் குழாயில் உள்ள ஒரு தகடு. மெதுவாக ஓடும்போது தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் அந்த அடைப்பை எதிர்த்துக் காற்றை இழுக்க வேண்டும். பெற்றோலை எரித்துப் பெற்ற வலுவில் ஒரு பகுதி இப்படியே போய்விடும். இதை பம்பிங் இழப்பு என்பார்கள். நகரத்துக்குள் ஊரும் காரில்தான் இது அதிகம்.

வால்வே எவ்வளவு காற்று போக வேண்டும் என்று அளந்து விட்டால் தகடு தேவையில்லை, திறந்தே வைக்கலாம். பீஎம்டபிள்யூ செய்தது அதைத்தான். தகடு அவசரத்துக்கு ஒரு காவலாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கிளம்பும் என்பதற்கும் இது உதாரணம். எஞ்சினுக்குள் உறிஞ்சல் குறைந்துவிட்டதால் பிரேக்குக்குத் தேவையான உறிஞ்சலை எடுக்கத் தனியாக ஒரு பம்ப் பூட்ட வேண்டி வந்தது.

டொயோட்டா 2007இல் வால்வ்மாட்டிக் என்று தன் வழியைக் கொண்டுவந்தது. முதலில் நோவா, வொக்ஸி. பிறகு பிரிமியோ, அலியன் கார்களின் 1.8, 2.0 லீற்றர் வகைகளிலும். இங்கே நாம் அதிகம் காணும் 1.5 லீற்றர் பிரிமியோவில் இது இல்லை, அதில் விவிடி-ஐ தான். பெயர் ஒன்று, உடல் ஒன்று, எஞ்சின் வேறு. நிசானும் அதே 2007இல் தன் பெரிய வீ6 எஞ்சினில் தொடர் லிஃப்ட்டுக்குப் போனது. ஃபியாட்டின் 2009 மல்டி எயார் இன்னும் விசித்திரம். கேமுக்கும் வால்வுக்கும் இடையே இரும்புக்குப் பதில் ஒயில். சொலினொய்ட் அந்த ஒயிலை வழிய விட்டால், மேடு அமுக்கினாலும் வால்வு பாதியில் நின்றுவிடும்.

ஹைபிரிட் வந்ததும் லிஃப்ட் பின்வாங்கியது

அப்படியானால் எல்லாப் புதுக் காரிலும் இது இருக்க வேண்டுமே? இல்லை. டொயோட்டா 2017க்குப் பிறகு கொண்டுவந்த புதுத் தலைமுறை எஞ்சின்களில் வால்வ்மாட்டிக் கிடையாது. உள்வரும் கேமின் நேரத்தை ஒயிலுக்குப் பதில் மின்மோட்டாரால் மாற்றி, அதன் எல்லையை விரித்து, பம்பிங் இழப்பைப் பெரும்பாலும் அதிலேயே குறைத்துவிட்டார்கள். ஹொண்டாவின் 1.5 லீற்றர் டர்போ சிவிக்கின் பின்னால் 'விடெக் டர்போ' என்று எழுதியிருக்கும். 2016 வரிசையின் அந்த எஞ்சினில் மாறுவது நேரம் மட்டும், லிஃப்ட் மாறுவதில்லை!

காரணங்கள் பெரிய இரகசியமில்லை. டர்போ இருந்தால் குறைந்த சுற்றிலேயே காற்றைத் தள்ளி நிரப்பலாம். ஹைபிரிட்டில் குறைந்த வேகத்தை மின்மோட்டார் பார்த்துக்கொள்ளும். எஞ்சின் தனக்கு வசதியான சுற்றில் மட்டும் ஓடினால் போதும். எல்லாச் சுற்றுக்கும் நன்றாக ஓட வேண்டும் என்ற பழைய கட்டாயம் தளர்ந்துவிட்டால், அதற்காகச் செய்த பின்னும் நெம்பும் எடையும் செலவும்தான். மேம்பட்ட தொழில்நுட்பம் கழற்றப்பட்டதால் புதுக் கார் தரம் குறைந்தது என்று சிலர் கவலைப்படுவது தேவையில்லாதது என்பேன்.

மட்டக்களப்பு–கல்முனை வீதியில் இதனால் என்ன?

மட்டக்களப்பில் இருந்து கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊருக்குப் பின் ஊர். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ப் பகுதியில் 50, வெளியே 70 என்பதுதான் சட்டம் விடும் வேகம். இந்த ஓட்டத்தில் தானியங்கிக் கியர் கார் பெரும்பாலும் 2,000 சுற்றைச் சுற்றியே நிற்கும். வலுவுக்கான உயர் கேம் உள்ள காரை வைத்திருப்பவர், மாதக்கணக்கில் அந்தக் கேமை ஒரு தடவையும் பாவிக்காமலே ஓடலாம். மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போய்ப் பதினெட்டு வளைவில் ஏறும்போதுதான் அதற்கு வேலை வரும். எங்கள் பக்கத்து ஓட்டத்துக்குப் பிரயோசனமானது சிக்கனப் பக்கத்து வகைகள்தான்: நிதான ஓட்டத்தில் வால்வைப் பிந்தி மூடும் ஐ-விடெக், வால்வ்மாட்டிக், அல்லது ஒரு ஹைபிரிட்.

பராமரிப்பில் பார்த்தால் பெரும்பாலான வகைகளுக்கு உயிர்நாடி ஒயில். பின்னைத் தள்ளுவது ஒயில் அழுத்தம். அந்த ஒயில் போகும் வழியில், சொலினொய்டின் அடியில் உள்ள கஸ்கெட்டோடு சேர்ந்து, விரல் நுனி அளவில் ஒரு மெல்லிய வலை இருக்கும். ஒயில் மாற்றாமல் இழுத்தடித்த எஞ்சினில் அந்த வலையில் தார் போலக் கறுப்பு படிந்திருக்கும். ஒயில் போகாது, பின் நகராது, எஞ்சின் விளக்கு எரியும். பல நேரங்களில் வலையைக் கழுவி, கஸ்கெட்டை மாற்றி, ஒயிலைப் புதுப்பித்தாலே சரி. சொலினொய்ட் முழுவதையும் மாற்றச் சொன்னால் முதலில் அந்த வலையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெக்கையான ஊர் என்று கெட்டி ஒயில் ஊற்றும் பழக்கமும் இங்கே உண்டு. 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயிலைக் கேட்கும் எஞ்சினில் கையேடு அனுமதிக்காத தடித்த ஒயில் ஊற்றினால் காலையில் எஞ்சின் சூடேறும் வரை இந்தச் சிறு வழிகளில் அது மெதுவாகத்தான் ஓடும்.

பாவித்த கார் வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டியவை:

1. விளம்பரத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு எஞ்சின் குறியீட்டைக் கேளுங்கள். நேரம் மட்டுமா, லிஃப்ட்டும் மாறுமா, மாறினால் எந்தச் சுற்றில், எதற்காக என்பது குறியீட்டை வைத்துத்தான் தெரியும்.

2. நின்ற இடத்தில் அக்சிலேட்டரை மிதித்து "விடெக் வேலை செய்யுது, கேளுங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுற்று மட்டும் ஏறினால் ஹொண்டாவின் கணினி பூட்டைப் போடாது. எஞ்சின் சூடேறியிருக்க வேண்டும், கார் நகர வேண்டும், எஞ்சின் பாரத்தை இழுக்கவும் வேண்டும்.

3. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். முதல் ஓரிரு செக்கன் கேம் பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால் நேரம் மாற்றும் சக்கரம் தேய்ந்திருக்கலாம். போகும் முன்பே அவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள்.

4. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். பொன் நிறமாகவோ மண்ணிறமாகவோ பளபளத்தால் பரவாயில்லை. கறுப்புச் சேறு திரண்டிருந்தால் அதே சேறு வலையிலும் இருக்கும்.

5. ஸ்கேன் பண்ணுங்கள். பழைய ஹொண்டாவில் பி1259, பிந்தியவற்றில் பி2646, பி2647 என்ற கோளாறுக் கோட்கள் வந்தால் பூட்டின் ஒயில் பக்கம் கோளாறு. அப்படி வந்தால் உடனே விலை பேசத் தொடங்காதீர்கள், முதலில் ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்தாலே இந்தக் கோட் விழும். ஒயில் ஏன் குறைந்தது என்பதுதான் அதற்கு அடுத்த கேள்வி, அதற்கான பதில் கேம் பக்கம் இருக்காது, பிஸ்டன் ரிங்கிலோ ஒயில் சீலிலோ இருக்கும்.